விளாங்குடி வீட்டில் என் குரல்

விளாங்குடியில் அந்த வீட்டுப் படியில் நின்று தொண்டையைச் செருமினேன். அந்த வீட்டில் நான் அழைப்பு மணியை அழுத்தியதே இல்லை. என் செருமல்தான் மணி. உள்ளேயிருந்து அதே செருமல் திரும்பி வந்தது.

எதிரொலி என்று நினைத்துக்கொண்டேன். சோபாவும் துணிக்கொடியும் மடித்து வைத்த கட்டிலும் அடைத்துக்கொண்டிருக்கிற சின்ன ஹாலில் எதிரொலி எங்கே வரும்? பயம் வந்தால் நான் முதலில் கைவிடுவது அறிவியலைத்தான். மறுபடி செருமினேன். சற்று நேரத்தில் உள்ளேயும் செருமியது. அதே இழுப்பு, முடிவில் அதே சின்னக் கிறீச்சு. அதைத் தொடர்ந்து கனத்த ஓர் ஆண்குரல், பட்டிமன்ற மேடையில் நடுவர் தீர்ப்புச் சொல்கிற தோரணையில், "பால் பொங்குது. எங்க போன?" என்றது.

மதியம் மூன்று மணி. வெயிலில் தெருவே மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்தது. அந்த வீட்டுக்காரன் என் நண்பன், ஓவிய ஆசிரியன். புற்றுநோய்க்காக அவனுடைய குரல்வளையை எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இனி அவன் வாய் பேசாது. அவன் டேப்லெட்டில் தட்டச்சு செய்தால் அது அவனுடைய பழைய குரலிலேயே பேசும்படி எங்கள் கல்லூரியில் ஏற்பாடு செய்து கொடுத்திருந்தோம். ஆகவே உள்ளே கேட்பது அவன் குரல்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் செருமல் யாருடையது?

படியிறங்கி ஸ்கூட்டருக்குப் பின்னால் போய் நின்றேன். நாடியைப் பிடித்துப் பார்த்தேன். பயத்தில் மணிக்கட்டின் தப்பான பக்கத்தைப் பிடித்திருக்கிறேன், துடிப்பே இல்லை. செத்தவனுக்குத் தான் செத்தது உடனே தெரியாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். வரும் வழியில் காளவாசல் சிக்னலில் ஒரு மணல் லாரி என்னை உரசாமல் போனது ஞாபகம் வந்தது. உரசாமல்தான் போனதா?

அப்போது பக்கத்து வீட்டிலிருந்து கையில் கறிவேப்பிலையோடு அவன் மனைவி வந்தார். என்னைப் பார்த்தார். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"என்னண்ணே, உள்ள பேசிக்கிட்டும் இருக்கீங்க, வெளிய ஒளிஞ்சுக்கிட்டும் இருக்கீங்க."

"தங்கச்சி, உள்ள பேசுறது யாரு?"

"நீங்கதான். ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்து நீங்கதான பேசிக்கிட்டு இருக்கீங்க. இவருதான் சொல்லாத, அவனா வந்து கேட்கட்டும்னாரு."

என் முட்டாள்தனத்தின் முழு நீளமும் தெரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் தமிழ்த் துறை. அவன் ஓவியம், பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். எங்கள் இரண்டு பேருக்கும் கல்லூரியில் ஓர் அறை கொடுத்து, 'கணினியும் கலையும்' என்று கதவில் எழுதி, நான்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து ஓவிய ஆசிரியர்கள் வருவார்கள். ஒரு படத்தை எப்படிப் பார்ப்பது, பிள்ளைகளைப் பார்க்க வைப்பது எப்படி என்று அவன் வகுப்பெடுப்பான். எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்து, கோப்புக்கு அவன் பெயரையும் தலைப்பையும் இட்டுச் சேமிப்பது என் வேலை. பத்து வருடச் சேமிப்பு. அதைப் பற்றி நான்கு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்கிறேன். சேமிப்பை முழுதாக ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எங்கள் தொழிலில் இது சகஜம்.

கணினித் துறை மேடம் எங்களோடு சேர்ந்தது சமீபத்தில்தான். அதற்குள் அவன் குரல் கம்மிவிட்டது. சளி என்றான். வெயில் என்றான். கடைசியில் மருத்துவர் வேறு பெயர் சொன்னார். அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. நாங்கள் மூவரும் அறையில் உட்கார்ந்திருந்தோம்.

"இருக்குற குரலையாவது பதிவு பண்ணிருவோமா மாப்ள?" என்று அவன் காற்றும் சத்தமுமாகக் கேட்டான்.

"எதுக்குடா? பத்து வருசமா உன் குரல் நம்மகிட்ட இருக்கு. வெங்கலம் மாதிரி இருந்த காலத்துக் குரலு. இப்பப் போயி இந்தத் தகரத்தப் பதிவு பண்ணவா? பேசாம ஓய்வெடு" என்றேன்.

மேடமும் அத்தனை மணிநேரம் இருந்தால் தாராளமாகப் போதும் என்றார். அவன் சரி என்று தலையாட்டினான். அவன் எப்போதும் அப்படித்தான். நான் உரக்கச் சொன்னால் சரி என்பான்.

அறுவை சிகிச்சை நடந்த வாரத்தில் மேடத்தின் இயந்திரம் அந்தக் கோப்புகளைத் தின்று ஒரு குரலைச் செய்தது. அவனுடைய நல்ல குரலை மேடம் கேட்டதில்லை. அதனால் என்னைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டி, "சார், இதுதானா பாருங்க" என்றார். கேட்டேன். கம்பீரமான குரல். நிதானம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் மரியாதையாக ஒரு செருமல். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அவனேதான் மேடம். உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் அவன்."

"இந்தத் தொண்டைச் சத்தத்த எடுத்துறவா சார்?"

"எடுக்காதீங்க. அப்பவே தொண்டையில தொந்தரவு இருந்திருக்கு பாருங்க. பாவம், நாமதான் கவனிக்கல."

தன் குரலை வெளியே நின்று கேட்டால் யாருக்கும் தன்னுடையது என்று தெரியாது. இதை நானே வகுப்பில் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். மேடத்துக்கும் தெரியவில்லை. அவர் அறிந்தது வராந்தாவில் வடையைக் கடித்துக்கொண்டு நான் அளக்கிற குரலை. மைக் முன்னால் நிற்கும்போது எனக்கு வேறொரு ஆள் வந்துவிடுவான். நான்கைந்து கோப்புகளை அங்கங்கே கேட்டுப் பார்த்த மேடம், அந்த ஆள்தான் ஓவிய ஆசிரியர் என்று நினைத்துக்கொண்டார். கோப்பில் அவன் பெயர்தானே இருக்கிறது.

அப்படியானால் அவன் பெயரிட்ட கோப்பில் நான் எப்படி இருக்கிறேன்? நம்மூர்க் கூட்டங்களுக்குப் போயிருப்பவர்களுக்கு விடை தெரியும். வரவேற்புரை நான். அறிமுகவுரை நான். அவன் பேச எழுந்தால் நடுவில் 'ஒரு சிறு விளக்கம்' நான். தொகுப்புரை நான். நன்றியுரை சொல்ல வேண்டியவர் பஸ்ஸுக்குப் போய்விட்டால் அதுவும் நான்.

ஸ்கூட்டருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து உள்ளே போனேன். அவன் சோபாவில், கழுத்தை மூடிய வெள்ளைத் துணியோடு, உதட்டில் ஒரு கோணல் சிரிப்போடு உட்கார்ந்திருந்தான். மடியில் டேப். விரல் ஓடியது. ஒரு செருமல். பிறகு என் மேடைக்குரல் சொன்னது:

"வா மாப்ள. செருப்ப ஒழுங்கா விட்டியா?"

இரண்டு பேர் இருக்கிற அறையில் என் வாய் மூடியிருந்தது, அவன் வாய் மூடியிருந்தது, நான் பேசிக்கொண்டிருந்தேன்.

"உனக்கு முதல்லயே தெரியுமாடா?"

"ஆஸ்பத்திரிக் கட்டில்லயே தெரியும். நர்ஸ் ஊசிய எடுத்தாங்க. வலிக்குமான்னு கேட்டேன். நீ வந்து கேட்ட."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"நீ வந்து கேக்குறப்ப உன் மூஞ்சியப் பாக்கணும்னு இருந்துச்சு. பாத்துட்டேன். கறிவேப்பிலைக் கொத்து மாதிரி ஆடுது."

அவன் மனைவி அடுப்படியில் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு முடியும்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அவனுடைய குரல் எங்கும் இல்லை. தொண்டையில் இல்லை, இயந்திரத்தில் இல்லை. இரண்டு வாரம் இருந்தது. அவன் கேட்டான். நான்தான் வேண்டாம் என்றேன்.

திங்கட்கிழமை காலை மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "அப்ப எல்லாக் கோப்பையும் கேப்போம் சார். அவர் பேசினது எங்கயாவது இருக்குமே" என்று சொல்லிக் கணினியைத் திறந்தார். என் குரல் வருகிற இடங்களுக்கு நீலம், அவன் குரலுக்கு மஞ்சள் என்று அடையாளம் போடச் சொன்னார்.

அந்த வாரம் முழுதும் பகலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, இருவரும் ஆளுக்கொரு ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தோம். திரையில் பத்து வருடம் நீலமாக ஓடியது. நடுவில் எங்காவது மஞ்சள் ஒரு பொட்டு. "ம்." "பாருங்க." "அப்படியில்ல." பிறகு சாக்பீஸ் போர்டில் உரசுகிற சத்தம். அவன் பேசுவதைவிட வரைவதே அதிகம் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். எனக்கு அப்படித்தான் ஞாபகம்.

மூன்றாம் நாள் மேடம் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"சார், இது என்ன சத்தம்?"

சாக்பீஸ் சத்தம் ஓய்ந்ததும், மிக லேசாக, யாரோ மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். உடனே நீலம்: "இங்கே நாம் கவனிக்க வேண்டியது என்னவென்றால்..."

"ஏதோ மூச்சு. கூட்டத்துல யாராவது இருக்கும்" என்றேன்.

மேடம் வேறொரு கோப்பைத் திறந்தார். சாக்பீஸ் ஓய்ந்தது. மூச்சு. நீலம். இன்னொன்று. மூச்சு. நீலம். பேச வாயெடுக்கிறவன் எடுக்கிற மூச்சு அது. எடுத்த மூச்சை அவன் என்ன செய்தான் என்று எதிலும் பதிவாகவில்லை, ஏனென்றால் அதற்குள் நான் முழங்கிக்கொண்டிருந்தேன். தேடத் தேட எல்லா வருடத்திலும் அந்த மூச்சு இருந்தது. முதலில் எண்ணினோம். பிறகு எண்ண வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் காதுக்குப் பின்னால் அது கேட்டது. கழிவறையில் குழாயை மூடினால் கேட்டது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்து நான் பேச வாயெடுத்தால் அதற்குச் சற்று முன்னால் கேட்டது. என் மனைவி, "என்ன, நாலு நாளா வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்டாள். டாக்டரிடம் போய்க் காதைக் காட்டினேன். அவர் குரும்பி எடுத்து அனுப்பினார்.

அவன் பேசிய இடம் கடைசியில் கிடைத்தது. இடைவேளையில்.

மைக்கை அணைக்க மறப்பது என் பழக்கம். நான் டீ குடிக்க வெளியே போனதும் கோப்புகளில் ஓர் அமைதி. நாற்காலி நகர்கிற சத்தம், டம்ளர் சத்தம். பிறகு மைக்குக்குத் தள்ளி, மஞ்சள் ஓட ஆரம்பிக்கும். யாரோ ஓர் ஆசிரியரிடம் ஆட்டுக்குட்டிக்குக் காலை எங்கே ஆரம்பிப்பது என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். யாரோ ஓர் அம்மாவிடம், பிள்ளை அழித்த கோட்டுக்காகத் திட்டாதீர்கள், அழித்த இடத்தைத் தடவிப் பாருங்கள் என்கிறான். மெல்லிய, கொஞ்சம் மூக்கால் வருகிற, அவசரமே இல்லாத குரல். வெங்கலம் இல்லை. பத்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குரலை நான் வெங்கலம் என்று சொல்லியிருக்கிறேன். நான் திரும்பி வருகிற செருப்புச் சத்தம் கேட்டதும் மஞ்சள் நின்றுவிடும். நான் இல்லாத இடம் எப்படி இருக்கும் என்று அந்தப் பதிவுகளில்தான் கேட்டேன். நிம்மதியாக இருந்தது, எல்லோருக்கும்.

டம்ளர் சத்தத்தையும் வடை மெல்லுகிற சத்தத்தையும் கழித்து மேடம் கொஞ்ச நிமிடங்கள் தேற்றினார். அதைவைத்து ஒரு குரல் செய்தார். இம்முறை சரிபார்க்க என்னைக் கூப்பிடவில்லை. அதுவும் நியாயம்தான்.

விளாங்குடிக்கு இருவரும் போனோம். பகல் பதினொரு மணி. அவன் மனைவி தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நாங்கள் எதுவும் சொல்லாமல் டேப்பில் புதுக்குரலை ஏற்றி அவன் கையில் கொடுத்தோம். அவன் எங்களைப் பார்த்தான், தட்டினான்.

"இன்னைக்கு என்ன குழம்பு?"

"புளிக்குழம்புதான்" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே. ஒரு கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டார். இன்னொன்றைக் கிள்ளப் போன கை அப்படியே நின்றது. மெதுவாகத் திரும்பி அவன் வாயைப் பார்த்தார். மூடியிருந்தது. கழுத்துத் துணி மூச்சுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அவன் மறுபடி தட்டினான். "நான்தான்" என்றது அந்தக் குரல்.

அவர் எழுந்து போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"அண்ணே, இது வேணாண்ணே."

"ஏன் தங்கச்சி? அவன் குரல்தான?"

"அவரு குரல்தான். அதான் வேணாங்குறேன். வாய் மூடிக்கிட்டு இருக்கையில அந்தக் குரல் வந்தா, இவரு வேற எங்கயோ இருந்து பேசுற மாதிரி இருக்கு. இங்க உக்காந்திருக்கது யாருன்னு பயமா இருக்கு. உங்க குரல்னா அப்படியில்ல. எவனோ ஒரு கிறுக்கன் பக்கத்துல உக்காந்து ஒப்பிக்கிறான்னு விட்டுட்டு, இவரு முகத்தப் பாத்துக்கிருவேன்."

மேடம் மெதுவாகக் கேட்டார்: "அழிச்சிறவாம்மா?"

"அழிக்காதீங்க. எங்கயாவது இருக்கட்டும். இந்த வீட்டுல வேணாம்."

மனைவியின் முகத்தையே அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்த ஹாலில் நிற்க இடமில்லாத மாதிரி இருந்தது. பிறகு அவன் டேப்பை மேடத்திடம் நீட்டிச் சைகை காட்டினான். அவர் குரலை மாற்றிக் கொடுத்தார். செருமல் வந்தது. "சரி மாப்ள. நீயே இங்க இரு" என்றேன் நான், சோபாவிலிருந்து.

அப்படித்தான் விளாங்குடியில் குடியேறினேன். காலையில் அங்கே காப்பி கேட்கிறேன். தண்ணி வண்டிக்காரரிடம் பேரம் பேசுகிறேன். ஒரு தடவை அவன் என் மனைவிக்குப் போன் போட்டு என் குரலில், "நேத்து நீ சொன்னதுதான் சரி, நான்தான் தப்பு" என்றிருக்கிறான். அவள் பயந்துபோய், எனக்கு நெஞ்சுவலியோ என்று கல்லூரிக்கு ஓடி வந்துவிட்டாள். நான் நேரில் அந்த வீட்டுக்குப் போனால் வாயைத் திறப்பதில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு நான் போதும். திறந்தாலும் அடுப்படியிலிருந்து பதில் வருவதற்கு நேரமாகிறது. அவர் எட்டிப் பார்த்து, பேசியது எந்த வாய் என்று தெரிந்துகொண்டுதான் பதில் சொல்கிறார்.

மழைக்காலம் தொடங்கியபோது அவன் மறுபடி வகுப்பெடுத்தான். வரவேற்புரை இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான். நான் கடைசி வரிசையில், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். டேப்பை ஒலிபெருக்கியோடு இணைத்திருந்தார் மேடம். என் குரல் வந்ததும் ஆசிரியர்கள் சிரித்தார்கள். ஐந்து நிமிடத்தில் சிரிப்பு நின்றது. அவன் போர்டில் ஓர் எருமையின் முதுகை மட்டும் ஒரே கோட்டில் இழுத்திருந்தான்.

"பிள்ளை எருமை வரைஞ்சா உடனே கருப்புக் கிரையான எடுத்துக் குடுக்காதீங்க" என்றது என் குரல். "எருமை கருப்பு கிடையாது. உசிலம்பட்டிச் சந்தையில சாயங்காலம் நின்னு பாருங்க. முதுகுல ஊதா இருக்கும். வயித்துல செம்மண்ணு ஏறியிருக்கும். காதுக்கு உள்ள ரோஸ். கருப்புன்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா அந்தப் பிள்ளை அதுக்கப்புறம் எருமையப் பாக்காது. உங்களத்தான் பாக்கும்."

அந்த இடத்தில் நானாக இருந்தால் சங்க இலக்கியத்தில் எருமை என்று தொடங்கியிருப்பேன். என் குரலுக்கு இதெல்லாம் சொல்லத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. பத்து வருடமாக அவன் மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருந்தது இதைச் சொல்லத்தான். அது கடைசியில் வந்து சேர்ந்தது, காரியத்தைக் கெடுத்தவனின் குரலிலேயே. என் உதடு கூடவே அசைவதை உணர்ந்து கையால் பொத்திக்கொண்டேன். முன்னால் இருந்த ஓர் ஆசிரியை திரும்பி, என் வாய் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சட்டென்று போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வகுப்பு முடிந்து டீ வந்தது. தாமதமாக வந்து தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வயதான ஆசிரியர் ஒருவர் டம்ளரோடு என்னிடம் வந்தார். தூணுக்கு அந்தப் பக்கம் யார் நின்றது, எது பேசியது என்று அவருக்குத் தெரியவில்லை.

"பத்து வருசமா வாரேன் சார். தப்பா நினைக்கக் கூடாது. இன்னைக்குத்தான் நீங்க நல்லாப் பேசுனீங்க."

அது நானில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். போர்டுப் பக்கமிருந்து என் குரல் முந்திக்கொண்டது.

"ரொம்ப சந்தோசம் சார். அடுத்த மாசமும் வாங்க."

அவர் என் திறந்த வாயையே பார்த்தபடி கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.